தகரத்தில் மூன்று அடி

8 ஜனவரி 2023, ஞாயிறு

தோற்றோம். இரண்டாம் பாதி தொடங்கியதும் நாம்தான் முதல் கோல். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு வாங்கினோம். கோல் போட்ட மறு நிமிடமே பதினோரு பேரும் பின்னால் போய்ச் சொந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் வேறென்ன நடக்கும்? பவுல்ராஜைக் கோச்சாக வைத்தது சங்கம் செய்த தப்பு. சங்கம் என்றால் நாங்கள்தான். யூனியன் ஸ்டார் அணிக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. மேற்குக் கேலரியில் உட்காருகிற நாற்பது பேர் சேர்ந்துதான் கோச்சை வைப்போம், எடுப்போம்.

என் வேலையை நான் குறையில்லாமல் செய்தேன். கோல் விழுந்ததும் எழுந்து நின்று எண்ணெய் டின்னில் மூன்று அடி. டண். டண். டண். கேலரி முழுக்க என்னோடு சேர்ந்து கை தட்டியது.

இது சிக்கந்தர் சார் வைத்த பழக்கம். எண்பத்தைந்தில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல் போய்விட்டது. குரல் இல்லாத கோச் எப்படிக் கத்துவார்? ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு காலி டின் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: ‘நீ கண்டக்டர். விசில் அடித்து பஸ்ஸையே நிறுத்துகிறாய். ஆளை நிறுத்த முடியாதா?’ கைக்குட்டையைத் தலைக்கு மேல் தூக்கினால் இரண்டு அடி, எல்லோரும் முன்னேற வேண்டும். கைக்குட்டையைத் தோளில் போட்டால் மூன்று அடி. அதற்குப் பெயர் பூட்டு. எல்லோரும் இறங்கி வந்து வாசலை அடைக்க வேண்டும். திண்டுக்கல் பையன்களுக்குப் பூட்டு என்று சொன்னால் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சார் போன பிறகு வந்த கோச்சுகளும் அவர் வழியிலேயே போனார்கள். பவுல்ராஜ்தான் புதுசு. கேரளாவில் போய்ப் படித்துவிட்டு வந்து, கோல் போட்டாலும் முன்னேறிக்கொண்டே இருக்கணும் என்கிறான். சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. இப்போதெல்லாம் தகரத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அது எங்கள் கேலரியின் கொண்டாட்டம், அவ்வளவுதான்.

9 ஜனவரி, திங்கள்

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. மெக்கானிக் வரவில்லை. ரெஜினா இரண்டு பேர் மேலும் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டினாள்.

12 ஜனவரி, வியாழன்

பவுல்ராஜ் வீட்டுக்கு வந்தான். சாதாரணமாக வர மாட்டான், இன்று வந்தான். நான்கு மேட்சில் மூன்று தோல்வி, ஆதரவு தேடி வருகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் எண்பத்தெட்டில் கோப்பை வாங்கிய நம் அணியில் லெஃப்ட் பேக் ஆடியவன், தம்பி மாதிரி, வாசலில் நிறுத்த முடியுமா? ரெஜினா காப்பி போட்டாள்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்” என்று ஆரம்பித்தான்.

நான் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். எடுத்தால் நிற்குமா? ஃபைனல் முழுவதையும் சொன்னேன். அவன் எங்கே நின்றான், யாருடைய காலிலிருந்து பந்தைப் பறித்தான் என்று அவனுக்கே நினைவில்லாததை எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவன் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான்.

“என்னவோ பேசணும்னியே?”

“இன்னொரு நாள் வாறேண்ணே.”

போகும்போது முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த டின்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் பழைய ஞாபகம் வந்திருக்கும்.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல். மேட்ச் இல்லை. தெருவே பொங்கியது, நமக்கும் இரண்டு வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. முழங்கால் வலி.

22 ஜனவரி, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. இன்றும் முதலில் கோல் போட்டது நாம்தான். அதே கதை. பவுல்ராஜ் கோட்டுக்கு வெளியே நின்று “ஏறுங்கடா, ஏறுங்கடா” என்று தொண்டை கிழியக் கத்துகிறான். ஒரு பயல் கேட்டால்தானே! எல்லோரும் பின்னால் வந்து நின்றுவிட்டான்கள். கோச்சின் சொல்லுக்கு மதிப்பு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மேட்ச் முடிந்ததும் வழக்கம்போல் எல்லோரும் காஜா மொய்தீன் டீக்கடையில் கூடினோம். காஜாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் வடையை எண்ணெயில் போட்டுக்கொண்டே பேசுவான். கோபம் வந்தால் வடை கருகும். இன்று இரண்டு ஈடு கருகிவிட்டது.

“மாப்ள, ஆளை மாத்தலன்னா இந்த வருசம் ரெண்டாம் டிவிசனுக்குப் போயிருவோம். எழுதி வச்சுக்க.”

“பி.டி. மாஸ்டர் வேலைய விட்டுட்டு வந்திருக்கான்யா. சட்டுனு போன்னா எங்கிட்டுப் போவான்?” என்றார் தோல் பதனிடும் ஷாப்பு அருளப்பன். எங்கள் நாற்பது பேரில் பவுல்ராஜுக்காகப் பேசுகிற ஒரே ஆள்.

“அதுக்காக நாம கீழ போறதா? பாசம் வேற, பந்து வேற.”

கடைசியில் மனு எழுதினோம். சங்கக் கூட்டத்தைக் கூட்டிக் கோச்சை எடுக்க வேண்டும் என்று. தகரம் பிடிக்கிறவன்தான் முதல் கையெழுத்துப் போட வேண்டும், கூட்டத்திலும் முதலில் பேச வேண்டும். சாருடைய மனசு அந்தக் காலத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் வந்த வழக்கம். நான் பேசியதற்கு எதிராகச் சங்கம் இதுவரை முடிவெடுத்ததில்லை. போட்டேன். ‘மா. செபஸ்தியான்’ என்று முழுப் பெயரும் போட்டேன்.

24 ஜனவரி, செவ்வாய்

மத்தியானம் தூக்கம் வரவில்லை. எண்பத்தெட்டு ஃபைனலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

காலையிலிருந்து மழை. மைதானம் முழுக்கச் சேறு. எட்டாவது நிமிடத்தில் நமக்கு ஒரு கோல். சார் கைக்குட்டையைத் தோளில் போட்டார். அதன் பிறகு மேட்ச் முடிகிறவரை அந்தக் கைக்குட்டை தோளிலிருந்து இறங்கவே இல்லை. எண்பத்திரண்டு நிமிடம் பூட்டு. அவன்கள் இடித்துப் பார்த்தான்கள், சுற்றி வந்து பார்த்தான்கள், ஒன்றும் நடக்கவில்லை. நம் பையன்கள் தளர்கிற நேரம் பார்த்து சார் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் மூன்று அடிப்பேன், அவ்வளவு பேரும் ஒரே ஆளாக நகர்வார்கள். என் கையிலிருந்து கிளம்பிய சத்தம் பதினோரு பேரின் காலில் போய் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸில் ஐம்பது பேரை ஏற்றி இறக்கினாலும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட வரவில்லை, இதை ரெஜினா படிக்கக் கூடாது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்போது சார் ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் செருகினார். ‘நல்லா அடிச்ச.’ அதைக் கண்டக்டர் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையிலும் சில்லறையிலும் தேய்ந்து, ஒரு நாள் தேடியபோது வெறும் தூள்தான் இருந்தது.

29 ஜனவரி, ஞாயிறு

ரெஜினாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். இரண்டு நாளாக அங்கேதான். முப்பத்தெட்டு வருடத்தில் நான் போகாத முதல் மேட்ச் இன்றைக்கு. டின்னை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

சாயந்திரம் காஜா போன் செய்தான்.

“மாப்ள, மூணுக்கு சைபர்!”

“யாரு மூணு?”

“நம்மதாம்யா! மொதக் கோல் போட்டும் நிக்கல பயலுக. ஏறி ஏறி அடிச்சாய்ங்க. நம்ம மனு போட்டது தெரிஞ்சிருச்சு போல, பவுலுக்குப் பயம் வந்துருச்சு!”

சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த ரெஜினா, “ஜெயிச்சதுக்கா இப்பிடி மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள். ஒரு கண்ணாலேயே எல்லாம் தெரிகிறது இவளுக்கு.

31 ஜனவரி, செவ்வாய்

வீடு வந்தோம். சொட்டு மருந்து நாலு வேளை. நான்தான் விட வேண்டும். சமையலும் நான். சாம்பாரில் உப்பு போடவில்லை என்பது சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி ரொம்ப மட்டமான அணி என்று விசாரித்ததில் தெரிந்தது. மூன்று பேருக்குக் காய்ச்சலாம்.

5 பிப்ரவரி, ஞாயிறு

நான் போனேன். தோற்றோம். ஒன்றுக்கு இரண்டு.

முதல் கோல் நம்முடையது. சார் காலத்து வேகத்தில் எழுந்து மூன்று அடி அடித்தேன். அப்புறம் நடந்ததை எழுத ஆத்திரமாக வருகிறது. போன வாரம் அப்படி ஏறி ஆடிய பயல்கள்தானா இவன்கள்? அவன்கள் நெருங்க நெருங்க நான் இன்னும் ஓங்கி அடித்தேன், அடிக்க அடிக்க இவன்கள் இன்னும் பின்னால் போனான்கள். கடைசி அடியில் டின்னின் அடித்தகரம் கிழிந்தே போனது.

கேலரியில் பவுல்ராஜைக் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். எல்லோரையும் இல்லை, என்னை மட்டும். நானும் முறைத்தேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம். அவனை எடுப்பது உறுதி. பத்தொன்பதாம் தேதி கடைசி மேட்ச். ஜெயித்தால்தான் முதல் டிவிசனில் இருப்போம்.

8 பிப்ரவரி, புதன்

காலையில் எண்ணெய்க் கடைக்குப் போய்ப் புது டின் ஒன்று கேட்டு வாங்கினேன். திரும்பும் வழியில் மைதானம். பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், பவுல்ராஜ் கோட்டோரம் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். சுவருக்கு வெளியே நின்று, புது டின் எப்படிச் சத்தம் கொடுக்கிறது என்று சும்மா தட்டிப் பார்த்தேன். மூன்று தட்டு. கை அப்படித்தான் தட்டும்.

ஆட்டம் பின்னால் போனது.

பந்து அந்தக் கோடியில் இருந்தது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ஒரு காரணமும் இல்லை. இரண்டு அணியின் தடுப்பாட்டக்காரர்களும் அவரவர் கம்பத்தைப் பார்த்து நாலடி போய் நின்றார்கள். தற்செயல் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டினேன். மறுபடி போனார்கள். அதோடு பவுல்ராஜும், ஐம்பத்தாறு வயசு ஆள், நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் வந்தான். வந்துவிட்டு, குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

சுவரருகே வந்தான்.

“எப்பலேர்ந்துடா தெரியும்?” என்றேன்.

“ரெண்டாவது மேட்சுலயே தெரியும்ணே.”

“பயலுகள்ட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லாம இருப்பனா? தகரத்தக் காதுல வாங்காதீங்கடான்னு நூறு தடவ சொல்லிட்டேன். எல்லாம் அப்பன் தோள்ல உக்காந்து மேட்ச் பாத்த பயலுகண்ணே. பேச்சு வாறதுக்கு முன்னாடியே பூட்டு தெரியும். காது கேக்கலன்னாலும் கால் கேட்டுருது. ஏன், இப்ப நானே போகலயா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தான வீட்டுக்கு வந்தேன்.”

ஒரு மணி நேரம் ஃபைனல் கதை சொன்னது நான்தான்.

“நீங்க சொல்லச் சொல்ல ஒங்க மொகத்தப் பாத்தேன்” என்றான். “இந்த ஆள்ட்ட இதப் புடுங்கிட்டா அப்புறம் என்ன இருக்குன்னு தோணுச்சு. பேசாமப் போயிட்டேன். கூட்டத்துல ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. எனக்கு என்ன, வேற வேல பாத்துக்குவேன்.”

எதிரே நின்று நாலு திட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

9 பிப்ரவரி, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

10 பிப்ரவரி, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் தகரச் சத்தத்தில் ஒரு அணி தோற்கும் என்பது நடக்கிற காரியமா? வெளியூர் ஆள் கேட்டால் சிரிப்பான். பவுல்ராஜ் பையன்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் உண்மை.

சொட்டு மருந்து மூன்று வேளைதான் விட்டேன். ஒன்று மறந்துவிட்டது.

11 பிப்ரவரி, சனி

ஒரு கணக்குப் போட்டேன். இந்த வருடம் நாம் முதலில் கோல் போட்ட ஆட்டங்கள் ஐந்து. நான் இருந்தது நான்கு. அந்த நான்கிலும் பூட்டு. நான்கில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

ரெஜினாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கி மொதல்ல பேசப்போறது நீங்கதான?” என்றாள். முருங்கைக்கீரையை என் பக்கம் தள்ளி, உருவச் சொன்னாள்.

12 பிப்ரவரி, ஞாயிறு

கூட்டம் மைதானத்திலேயே நடந்தது. கேலரியில் நாற்பது பேர். கீழே பவுல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தூரத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் மனுவை வாசித்தார். முதல் கையெழுத்து என்று என் பெயரை அவர் வாசித்தபோது எனக்குக் காது சுட்டது.

“பேசு மாப்ள” என்றான் காஜா.

பேசவில்லை. டின்னை எடுத்தேன். மூன்று அடி.

“இப்ப எதுக்குய்யா?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்னப் பாக்காதீங்க. அங்க பாருங்க” என்றேன். மறுபடி மூன்று அடி. நாற்பது பேரும் பார்த்தார்கள். பையன்கள் பின்னால் போனார்கள். மூன்றாவது முறை அடித்தபோது பின்வரிசைக்காரர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“தோக்கடிச்சது அவன் இல்ல. நான்” என்றேன். டின்னைக் கீழே வைத்தேன்.

யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். காஜா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, “நீ மட்டுமா அடிச்ச? நாங்களும்தான சேந்து தட்டுனோம்” என்றான். கோபமாகத்தான் சொன்னான். அவன் கோபப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அறுபது வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.

“அப்ப தகரத்த நிறுத்திட்டா ஜெயிச்சிருவமா?” என்று பவுல்ராஜைக் கேட்டார் அருளப்பன்.

“தெரியாது” என்றான் பவுல்ராஜ். “ஆனா தோத்தா, அது என் தோல்வியா இருக்கும். அப்ப எடுத்துருங்க. நானே கையெழுத்துப் போடுறேன்.”

மனுவைக் கிழிக்கவில்லை. கடைசி மேட்ச்வரை தள்ளி வைத்தோம். டின்னை நான் கொண்டுவரக் கூடாது, கேலரியில் ஒருத்தரும் கை தட்டக் கூடாது என்று முடிவானது. முன்மொழிந்தது நான்.

16 பிப்ரவரி, வியாழன்

மோட்டார் மறுபடி மக்கர். ரெஜினாவுக்குக் கட்டு, கண்ணாடி எல்லாம் போய் நன்றாகத் தெரிகிறது. வீட்டில் இவ்வளவு ஒட்டடையா என்று கேட்டாள்.

19 பிப்ரவரி, ஞாயிறு

ஜெயித்தோம். மூன்றுக்கு இரண்டு. முதல் டிவிசனில் இருக்கிறோம், பவுல்ராஜும் இருக்கிறான். சிக்கந்தர் சார் பார்த்திருந்தால் இரண்டு கோல் வாங்கியதற்காக அத்தனை பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பார். காஜா கடையில் பவுல்ராஜைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கோல்கீப்பரை மாற்ற வேண்டும் என்று இப்போதே இரண்டு கட்சி ஆகிவிட்டது. வடை ஒன்றும் கருகவில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முப்பத்தோராவது நிமிடம் முதல் கோல், நம்முடையது. நான் எழுந்துவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் காஜா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தான். நாற்பது பேரும் அப்படித்தான். அவ்வளவு அமைதியான கேலரியை நான் பார்த்ததில்லை.

பையன்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடிவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். போய் நின்று, ஒவ்வொருத்தனாகத் தலையைத் தூக்கி மேற்குக் கேலரியைப் பார்த்தான்கள். சத்தம் வரவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினோரு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பவுல்ராஜும் திரும்பினான்.

நான் இரண்டு கையையும் உயர்த்தி விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லையடா, போங்கடா, ஆடுங்கடா.

போனார்கள். முன்னால் போனார்கள்.

நான் பழக்கத்தில் கோட்டோரம் பார்த்தேன். தோளில் கைக்குட்டை போட்ட ஆள் அங்கே இல்லை. சிக்கந்தர் சார் செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மண் போட்டபோது நானும் ஒரு பிடி போட்டேன், அன்று கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்று காஜா தோளில் சாய்ந்து, நாற்பது பேர் நடுவில் அழுதேன். என்னய்யா, நாமதான ஜெயிக்கிறோம் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். காஜா அவர்களைத் திரும்பிப் பார்த்து, “அவன விடுங்கய்யா. அவன் சார் இன்னைக்கித்தான் போயிருக்காரு” என்றான்.